நான் கை உயர்த்தாத வாக்கெடுப்பு

வயல் காணிகளில் பெரிய சோலர் திட்டங்கள் வருவதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பிரேரணை எங்கள் பிரதேச சபைக்கு வருவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே, அந்தக் கதை எங்கள் குசினி அடுப்படிக்கு வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காக்கா நேரே என் வீட்டுக்கு வந்தார். காக்கா என்றால் என் அண்ணன். கல்முனை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவைப் பார்க்க வருவது அவருடைய வழக்கம். உம்மா என்னோடுதான் இருக்கிறார். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கடைசிப் பிள்ளையான எனக்கு உம்மாவும் வாப்பாவும் குடியிருந்த வீடு வந்தது. ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பக்கத்து வளவில் வாப்பா ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். ஒரே ஆண்பிள்ளையான காக்காவுக்கு வட்டையில் இருந்த வயல் கிடைத்தது. ஒரே வாய்க்காலை நம்பி அடுத்தடுத்துக் கிடக்கும் வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்.

காக்கா ஒருநாளும் அந்த வயலில் இறங்கி வேலை செய்தவரல்ல. அதைச் செய்தவர் ராத்தாவின் கணவர், என் மச்சான். கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து அவர்தான் குத்தகைக்கு எடுத்து மாரிப் போகமும் சிறுபோகமும் விதைத்து வந்தார். எங்கள் மூன்று வீடுகளிலும் அந்த வயலின் அரிசிதான் வெந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

காக்கா அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தும் எழும்பாமல் இருந்தார்.

"தங்கச்சி, உன்னோட ஒரு கதை இரிக்கு" என்றார். "வட்டைக்கு ஒரு கொம்பனிக்காரங்க வந்திருக்காங்க. சோலர் போடுறதுக்கு. அடுத்தடுத்த காணிக்காரர் கனபேர் சம்மதிச்சிட்டாங்க. நடுவில கிடக்கிறது நம்மட காணி."

"மச்சான்ட்ட சொன்னீங்களா?"

"இன்னும் சொல்லல்ல."

"காக்கா, அவருக்கு வேற என்ன தொழில் இரிக்கு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று இன்னும் தாழ்த்திக்கொண்டார். "மூணு கொமருப் பிள்ளையள வெச்சிக்கிட்டு இருக்கிறன். மூணு பேருக்கும் வீடு கட்டணும். மூத்தவளுக்கு வாற இடமெல்லாம் முதல் கேள்வி வீடு முடிஞ்சிட்டா எண்டுதான். அத்திவாரம் போட்டு எத்தின வருஷமாப் புல்லு முளைச்சுக் கிடக்கு, நீயும் பாக்கிறாய்தானே? கடையில யாவாரம் இல்ல. அந்த வயலால எனக்கு என்ன வருது? சோறு வருது. சோத்த வெச்சு வீடு கட்ட ஏலுமா?"

அந்த அத்திவாரத்தை நானும் தினமும் கடந்துதான் போனேன். காக்காவின் மூத்த மகள் என்னிடம் படித்தவள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் அந்த அத்திவாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன இரண்டு தடவையும் நான் அந்த வீட்டில் இருந்தேன்.

மச்சானிடம் காக்கா தானாகவே போய்ச் சொன்னார். அவர் ஒளித்து எதையும் செய்யவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். துணிக்கடையில் ஒரு வேலை தருவதாகவும் சொல்லியிருக்கிறார். மச்சான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட காணி. நான் என்ன சொல்லக் கிடக்கு" என்றாராம். அதோடு சரி. ராத்தாதான் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு அழுதார்.

"கடையில நிண்டு சீலை விரிச்சுக் காட்டுற வயசா இவருக்கு? நீ சபைல இருக்கிறாய். நீ ஒண்டும் செய்ய மாட்டியா?"

நான் சபைக்கு வந்தது ஒரு தற்செயல். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், உள்ளூர்க் கட்சிக்காரர் தேர்தலுக்கான தங்கள் பெண்கள் பட்டியலில் பெயர் போடக் கேட்டார்கள். போட்டேன். பட்டியலில் இருந்து என்னைத்தான் எடுத்தார்கள். தெருவிளக்கு, வடிகான், குப்பை ட்ராக்டர் என்று ஓரளவு பழகியிருந்த நேரத்தில்தான் இந்த விஷயம் வந்தது.

பிரேரணையைக் கொண்டுவந்தவர் அரிசி ஆலை வைத்திருந்த ஓர் உறுப்பினர். தன் ஆலைக்கு நெல் குறைந்துவிடும் என்ற பயத்தில்தான் கொண்டுவருகிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கலாம். ஆனால் அதில் எழுதியிருந்தவை நியாயமாக இருந்தன. இரண்டு போகமும் விளைகிற வயலில் பெரிய திட்டத்துக்குச் சபை அனுமதி கொடுக்கக்கூடாது. வேறு இடத்தில் போட்டாலும் வாய்க்காலுக்கும் மாட்டுப் பாதைக்கும் இடம் விட வேண்டும். குத்தகைக்குச் செய்கிறவரிடம் கேட்காமல் காணி கைமாறக்கூடாது. குத்தகைக் காலம் முடிந்தால் நட்ட தூண்களைக் கொம்பனியே பிடுங்கிப் போக வேண்டும். குத்தகைக்காரர் பற்றிய வரியை ராத்தா என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கூட்டத்துக்கு முன்னர் நான் சபைச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் அமைதியான மனிதர்.

"ஒரு விஷயத்தில தனக்கோ குடும்பத்துக்கோ சம்பந்தம் இருந்தா உறுப்பினர் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டு ஒதுங்கி நிக்கிறதுதான் முறை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா டீச்சர், உங்கட பேரில காணி இல்லத்தானே? காக்காட காணி. யாரும் அதப் பெரிசா எடுக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கை உயர்த்தினால் ராத்தாவின் வீட்டுக்கு உதவி. உயர்த்தாமல் எதிர்த்தால் காக்காவின் மகளுக்கு உதவி. எப்படிப் பார்த்தாலும் என் இரத்தத்துக்குத்தான் என் கை போகும். என்னைச் சபைக்கு அனுப்பிய சனத்துக்கு அதில் எங்கே இடம்?

கூட்ட நாளன்று பின்வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகள் போதவில்லை. வட்டைக்காரர்கள் லுங்கியும் வெள்ளைச் சேட்டுமாக வந்திருந்தார்கள். அவர்கள் நடுவே மச்சான் இருந்தார். காக்கா வாசலுக்குப் பக்கத்தில், காணிக்காரர்களோடு. இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அரிசி ஆலைக்காரர் எழும்பினார். "கௌரவ தவிசாளர் அவர்களே, நான் சோலர் வேணாம் எண்டு சொல்ல வரல்ல. கூரையில போடுங்க, தரிசில போடுங்க, ஒண்டும் விளையாத உவர் மண்ணில போடுங்க. விளையிற வயல்ல போடாதீங்க எண்டுதான் சொல்றன்."

இளவயது உறுப்பினர் ஒருவர் உடனே எழும்பினார். "கரண்ட் இல்லாம நாள் முழுக்க இருட்டுக்குள்ள கிடந்த காலத்த எல்லாரும் மறந்திட்டீங்களா? பிள்ளையள் மெழுகுதிரி வெளிச்சத்தில சோதனைக்குப் படிச்சிச்சு. அப்ப இந்த வயலா வெளிச்சம் தந்த?"

"வெளிச்சம் தரல்ல. சோறு தந்த" என்றார் ஒருவர்.

"உரமில்லாம அதுவும் தரல்ல" என்று பின்னாலிருந்து ஒரு விவசாயியே சொன்னார். எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு களைப்பு இருந்தது. நாடே நொடித்துப்போன அந்தப் பொல்லாத வருடத்தில் அடுப்புக்கு வாயுவும் இல்லாமல், வயலுக்கு உரமும் இல்லாமல் நின்றது ஒரே சனந்தான்.

பிறகு காணிக்காரர்களுக்காக ஓர் உறுப்பினர் பேசினார். காணி வைத்திருப்பவன் அதை என்ன செய்வது என்று சபை எப்படித் தீர்மானிக்கலாம் என்று கேட்டார். நெல்லுக்கு நியாய விலை வாங்கிக் கொடுக்க வக்கில்லாத நாம், நெல்லையே விதை என்று ஒருவனைக் கட்டிப்போடலாமா என்றும் கேட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. காக்கா தலையைக் குனிந்து கொண்டிருந்தார். இன்னொருவர், வேலி போட்டால் மாடுகள் எங்கால் போகும், மாரி வெள்ளம் எங்கால் வடியும் என்று கேட்டார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற ஒரு விவாதத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"டீச்சர், நீங்க கதைக்கிறீங்களா?" என்று தவிசாளர் கேட்டார்.

எழும்பினேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவள் நான்.

"இந்தத் திட்டத்துக்குப் பேசிக்கிடக்கிற காணியில ஒண்டு என்ட கூடப்பிறந்த காக்காட காணி. அதைக் குத்தகைக்குச் செய்யிறவர் என்ட ராத்தாட மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் என்ட குடும்பம். இதில நான் கதைக்கிறதும் கை உயர்த்திறதும் முறையில்ல. எனக்கு வெளியே போக அனுமதி தாங்க."

பின்வரிசையைப் பார்க்காமல் நடக்க நினைத்தேன். ஆனால் வாசல் அந்தப் பக்கம்தான் இருந்தது. காக்காவின் முகம் சிவந்திருந்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே குப்பை ட்ராக்டர்கள் நிற்கிற இடத்தில், வேப்பமர நிழலில் நின்றேன். உள்ளே கைகளை எண்ணுவது கேட்டது. பிறகு ஒரு சலசலப்பு. வெளியே வந்த சபை உதவியாளர் ஒருவர், "சரிபாதி டீச்சர். தவிசாளர்ட வாக்கால விழுந்திட்டு" என்றார். இரண்டு பக்கமும் சமமாக வந்ததால் தவிசாளர் தன் மேலதிக வாக்கை எதிராகப் போட்டிருக்கிறார். விஷயத்தை இன்னும் ஆராய வேண்டும் என்பது அவருடைய காரணம்.

ஒரு கை. என் கை மட்டும் உள்ளே இருந்திருந்தால்.

முதலில் வெளியே வந்தவர் மச்சான். நேரே என்னிடம் வந்தார். ஏதாவது சொல்லுவார், சொல்லட்டும் என்று காத்து நின்றேன்.

"தண்ணி குடிச்சீங்களா மச்சி?" என்றார். "முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. இந்த வெக்கைக்க நிக்காம வீட்ட போங்க."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அந்த இரவு நான் கொஞ்சமாவது நித்திரை கொண்டிருப்பேன்.

காக்காவுக்கும் கோபந்தான். பிரேரணை விழுந்தது அவருக்குச் சாதகம் என்றாலும், "சபைக்குள்ள அத்தின பேருக்கு முன்னால எங்கட குடும்பத்த இழுத்துப்போட வேணுமா? மச்சான்ட வயித்தில அடிக்கிறவன் எண்டு என்னை எல்லாரும் பாக்க வெச்சிட்டாய்" என்றார்.

ராத்தா அன்றைக்குப் பின்னேரம் வேலியடிக்கு வந்தார். அழவில்லை. கண் வறண்டு கிடந்தது.

"ஒரு கைதான் தேவைப்பட்ட" என்றார்.

"ராத்தா, அது முறையில்ல. நான் எப்பிடி..."

"உன்ட நேர்மைய நான் உலையில போடுறதா?"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவர் சில நாள் வேலிப்பக்கம் வரவில்லை. என்னோடு அவர் பிறகு பேசத் தொடங்கிவிட்டார். ஒரே வேலிதானே. ஆனால் காக்காவோடு பேசுவதை அன்றைக்கே விட்டுவிட்டார். நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. திரும்பவும் அந்த இடத்தில் நின்றாலும் வெளியேதான் போவேன். ஆனால் சரியானதைச் செய்தவளுக்கு மனம் ஆறும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது மட்டும் உண்மையில்லை.

மாரிப் போக வெள்ளாண்மை அந்தமுறை நன்றாக விளைந்தது. அதுவும் ஒரு வேதனைதான். வெட்டு மிஷின் இறங்கி, நெல் மூட்டைகள் மூன்று வீடுகளுக்கும் வந்தன. காக்கா வீட்டுக்குரியதை மச்சான் வழக்கம்போல் தானே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். ராத்தா அதற்காக அவரோடு சண்டை பிடித்தார். "அது அவங்கட பங்கு" என்று மட்டும் சொன்னார் மச்சான்.

அடுத்த மாதம் கொம்பனி காணியைப் பாரம் எடுத்தது. அன்று காலை காக்கா என் வீட்டுக்கு முன்னால் ஓட்டோவோடு வந்து நின்றார். கோபம் ஆறியிருந்தது. "வாறியா? தனியப் போக மனம் வருகுதில்ல" என்றார்.

நாங்கள் வட்டைக்குப் போனபோது மஞ்சள் நிற மிஷின் ஒன்று வரம்புகளைத் தட்டையாக்கிக் கொண்டிருந்தது. எத்தனையோ பேர் மண் வைத்து மண் வைத்து உயர்த்திய வரம்புகள். அதைத் தட்டுவதற்கு மிஷினுக்கு நேரமே தேவைப்படவில்லை. இரும்புத் தூண்கள் றோட்டோரம் அடுக்கிக் கிடந்தன. காக்கா ஓட்டோவில் இருந்து இறங்கி, றோட்டுக்கரையிலேயே நின்றார். வயலுக்குள் கால் வைக்கவில்லை.

"வாப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டார்.

"தெரியா காக்கா."

"பேத்திக்கு வீடு கட்டு எண்டுதான் சொல்லியிருப்பார்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அதற்கு முன் நான் அவர் அழுது பார்த்தது வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றைக்கு மட்டுந்தான்.

அப்போதுதான் மச்சானைக் கண்டோம். வயல் மூலையில், காவலுக்குப் படுக்கிற அவருடைய வாடிக் குடிசையைக் கழற்றிக் கொண்டிருந்தார். கிடுகை ஒரு பக்கம் அடுக்கி, தகரங்களை ஒன்றொன்றாக இறக்கினார். ஒரு நீளத் தகரம் காற்றில் ஆடி அவர் கையில் நிற்காமல் சரிந்தது. காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். செருப்போடு சேற்றில் ஓடினார். மறுமுனையைப் பிடித்தார்.

"விடுங்க காக்கா. நான் பாத்துக்குவன்" என்றார் மச்சான்.

சத்தம் இல்லை, கோபம் இல்லை. காக்கா இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க" என்றார் மச்சான் மறுபடியும்.

காக்கா விட்டார். தகரம் மண்ணில் விழுந்தது. மச்சான் அதைத் தனியே இழுத்துக்கொண்டு போய் தன் லேன்ட்மாஸ்டர் ட்ராக்டரின் பெட்டியில் ஏற்றினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் காக்கா தன் செருப்புச் சேற்றைப் பார்த்தபடி இருந்தார்.

மச்சான் சவளக்கடைப் பக்கம் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்தார். தூரம் அதிகம், தண்ணீரும் ஒழுங்காக வரவில்லை. ஒரு போகத்தோடு விட்டுவிட்டார். லேன்ட்மாஸ்டரையும் விற்றுவிட்டார். இப்போது பிரேரணை கொண்டுவந்த அந்த உறுப்பினரின் அரிசி ஆலையில் நெல் காயப்போடுகிற வேலை பார்க்கிறார். மற்ற ஆட்களின் வயல் நெல். மாலையில் தலையெல்லாம் உமித்தூசியோடு வருவார். ஆனாலும் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மழைக்கோலம் தெரிந்தால் வளவுக்குள் இங்கும் அங்கும் நடப்பார். போவதற்கு இடமில்லை.

காக்காவின் மகளுக்கு வீடு எழும்பியது. கல்யாணமும் நல்லபடி நடந்தது. நல்ல மருமகன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிக்காஹ் அன்று காக்கா வாசலிலேயே நின்றார். வருகிறவர்களை வரவேற்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் யாருக்காக நின்றார் என்று எனக்குத் தெரியும். மச்சான் மட்டும் வந்தார். மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, மற்றவர்களோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றிக் குந்திச் சாப்பிட்டு, காக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார். ராத்தா வரவில்லை.

முன்பெல்லாம் பெருநாளைக்கு மூன்று குடும்பமும் என் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவோம். இப்போது தொழுகை முடிந்ததும் காக்கா வந்து உம்மாவின் கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போவார். அவர் போனதைப் பார்த்தபிறகே ராத்தா வேலிப் படலையைத் திறந்துகொண்டு வருவார். உம்மாவுக்குக் கண் தெரிவது குறைவு. ஆனால் குரல்களை அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ரெண்டு பேரும் ஏன் ஒண்டா வாறாங்க இல்ல?" என்று கேட்டார்.

"காக்காக்குக் கடையில வேலை உம்மா."

"பெருநாளைக்கும் கடையா?"

நான் வட்டிலப்பம் வெட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"நீ சபைல இருக்கிறாய்தானே மகள்" என்றார் உம்மா. "ஊராக்கள்ட பிரச்சினையெல்லாம் கதைக்கிறீங்க. இதக் கதைச்சுத் தீர்க்க ஏலாதா?"

தவிசாளர் சொன்ன அந்த ஆராய்ச்சி முடிந்து, பிரேரணை சில திருத்தங்களோடு இவ்வருடம் மறுபடியும் சபைக்கு வந்தது. வேறு வட்டைகளையும் கொம்பனிகள் பார்க்கத் தொடங்கியிருந்தன. போன மாரியில் சோலர் வேலிக்கு இந்தப்பக்க வயல்களில் வெள்ளம் வடியாமல் நின்றதையும் எல்லோரும் கண்டிருந்தார்கள். அன்றைக்கு எதிர்த்துப் பேசிய இளம் உறுப்பினரே ஆதரித்தார். இனி வரும் திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும், ஏற்கனவே நடந்ததைத் தொடாது என்று செயலாளர் விளக்கினார். எங்கள் குடும்பத்துக்கு அதில் இனி இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே என் கைக்கும் தடையில்லை. உயர்த்தினேன். ஏகமனதாக நிறைவேறியது. மேசையில் தட்டினார்கள். பின்வரிசைக் கதிரைகள் அன்றைக்குப் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் சொன்னேன். அவர் குசினியில், கடையில் வாங்கிய அரிசியைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கிக் கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் இப்போது எல்லோருக்கும் கடை அரிசிதான்.

"குத்தகைக்காரர்ட கதையும் அதுக்குள்ள இரிக்கா?" என்று கேட்டார்.

"ஓம். அப்பிடியே இரிக்கு."

"நல்லம்" என்றார். "மத்த ஆக்களுக்கெண்டாலும் உதவட்டும்."

காக்காவிடம் ஒருமுறை போய் வருவோமா, நானும் கூட வருகிறேன் என்று கேட்க வாயெடுத்தேன். ராத்தா சுளகைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்காமலே, உம்மா அஸர் தொழுகைக்கு வுளூச் செய்யத் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.